சார்பாக ஒரு கையெழுத்து

அந்தச் சான்று அலுவலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. வேண்டாதவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை இது. அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான்.

கண்ணாடிக்காரருக்கு இது தெரியாது. ஜன்னல், அலமாரி, படச்சட்டம் என்று எதற்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது அவர் தொழில். அளவு தப்பாகிக் கண்ணாடி வீணானால், "நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு கண்ணாடி அறுப்பார். இப்படிப்பட்டவர் அரசு அலுவலகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுக்குள் அவளும் அவள் அம்மாவுமாகக் கையாலேயே ஒரு பாஷை கண்டுபிடித்திருந்தார்கள். உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அப்பா. அந்தப் பாஷை வாசற்படியோடு சரி. வெளியே போனால் எல்லாவற்றையும் அம்மாதான் பேச வேண்டும். டாக்டர் குழந்தையைப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்டால், அம்மா "வலிக்குது" என்பாள். ஒருமுறை பல் டாக்டரிடம் வலது பக்கம் என்று சொல்லிவிட்டாள். வலித்தது இடது பக்கம். நல்ல பல் ஒன்று போயிற்று. அன்றைக்கு அம்மா அழுத அழுகையைக் குழந்தைதான் துடைத்துவிட வேண்டியிருந்தது.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். ஒன்பது வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். இந்த வருடம் இவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எல்லாக் காகிதமும் கொடுத்தாயிற்று, இருப்பிடச் சான்று ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

"இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிடும்," என்றாள் மனைவி. "நான் இருக்கற வரைக்கும் அவளுக்காக நான் பேசுவேன். எனக்கப்புறம் யாருங்க பேசுவா?"

"ஒரு கையெழுத்துதானே? காலைல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

இது புதன்கிழமை.

அலுவலகத்தின் முன்கூடத்தில் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய ஒரு சட்டம். உள்ளே ஏதோ பழுத்துப்போன காகிதம். மூலைக்கு மூலை கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நாலு மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, மூன்றாம் எண் ஜன்னல் வரிசையில் நின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டே, "ஒண்ணு சொல்லிடறேங்க. இந்த சீட் என்னோடது இல்ல. லீவுல இருக்கறவருக்காக நான் உக்காந்திருக்கேன்," என்றார்.

"அவர் எப்ப வருவார்?"

"அவரும் அவருக்கு முன்னாடி இருந்தவருக்காகத்தான் உக்காந்திருந்தார்."

"அந்த முன்னாடி இருந்தவரு?"

"அவர் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப வரைக்கும் எல்லாம் அவர் சார்பாதான் போயிட்டிருக்கு. நல்ல மனுஷர்."

சொல்லிவிட்டு ஒரு ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி விண்ணப்பத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். ஊதா நிறத்தில் ஆங்கிலத்தில் மூன்று வார்த்தைகள் விழுந்தன: ஆன் பிஹாஃப் ஆஃப். இன்னாருடைய சார்பாக என்று அர்த்தம். அதற்குக் கீழே ரிட்டயர் ஆனவரின் பெயரை எழுதி, அதற்கும் கீழே புழு நெளிந்த மாதிரி ஒரு கோடு இழுத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க," என்று பெண்மணி பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "அந்த ஃபிரேமைப் பார்க்கலையா நீங்க?"

விரிசல் விட்ட சட்டத்துக்குள் இருந்தது ஒரு பணி நீக்க உத்தரவு. முன்னொரு காலத்தில் இங்கே ஓர் அதிகாரி இருந்தார். சான்று ஒன்றில் கதவு எண் பதினேழு என்பதற்குப் பதில் ஏழு என்று எழுதிவிட்டார். யார் செய்த தவறு என்று மேலிடம் கேட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை, கீழே அவர் பெயர் அழகாக, முழுசாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அலுவலகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கதவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பது அல்ல அந்தப் பாடம்.

வியாழக்கிழமை காலையில் முதல் மாடி. பிரிவுத் தலைவர் வழுக்கைத் தலையும் வாய் நிறையச் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரரை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்திருப்பது துணை இயக்குநர் சார்பாகத்தான் என்றார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்," என்றார். "இந்தக் கையால எத்தனை லட்சம் காகிதம் போயிருக்கு தெரியுமா? ஒண்ணுலகூட நான் கிடையாது. நாளைக்கே ஒரு விசாரணை வந்து, இருபத்திரண்டு வருஷமா நீ என்ன பண்ணினேன்னு கேட்டா, ஒண்ணுமே பண்ணலைன்னு ஆதாரத்தோட நிரூபிப்பேன். இந்த மாடியில வேற யாராலயும் அது முடியாது."

"சந்தோஷம்ங்க," என்று சொல்லி வைத்தார் கண்ணாடிக்காரர்.

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையைக்கூட எங்க அண்ணன் சார்பாதான் அடிச்சேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

பிறகு இருபத்தாறு பக்கமுள்ள ஒரு சுற்றறிக்கையை எடுத்துப் பிரித்தார். 'ஆன் பிஹாஃப் ஆஃப்: பொருளும் பயன்பாடும்' என்று தலைப்பு. ஒருவர் கேட்டுக்கொண்டதால் அவருக்காகச் செய்வது முதல் பொருள். ஒருவருடைய நன்மைக்காகச் செய்வது இரண்டாவது. ஒருவர் இல்லாதபோது அவர் இடத்தில் செய்வது மூன்றாவது. இவை அகராதியில் உள்ளவை. யாருமே செய்யாமல் ஒரு காரியம் நடந்துவிட்டதாகக் காட்டுவது நான்காவது. அது அலுவலகம் சேர்த்தது, மீதி இருபத்துநான்கு பக்கமும் அதைப் பற்றித்தான்.

"உங்க கேஸ்ல வீட்டைப் போய்ப் பார்க்கணும்," என்றார் பிரிவுத் தலைவர். "ஆனா ஆய்வாளர் போஸ்ட் காலி. அதனால அவர் சார்பா நீங்களே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

"என் வீட்டை நானேவா?"

"உங்களுக்குத்தான் வழி தெரியும்."

கண்ணாடிக்காரர் ஆய்வுப் படிவத்தோடு வீட்டுக்குப் போனார். சாவி பையில் இருந்தது. ஆனாலும் அரசாங்க வேலையாக வந்தவர் சாவி போட்டுத் திறப்பது முறையாகாது என்று தோன்றவே கதவைத் தட்டினார். மனைவி வந்து திறந்தாள்.

"என்னங்க, கதவைத் தட்டறீங்க?"

அவர் படிவத்தைப் பார்த்துப் படித்தார். "கண்ணாடிக்காரர் என்பவர் இந்த வீட்டில் வசிக்கிறாரா?"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வசிக்கிறார்னுதான் பேரு. ரெண்டு நாளா ஆளைக் காணோம்."

"மகள் என்று ஒரு குழந்தை உண்டா?"

குழந்தை அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அப்பா கையில் காகிதத்தோடு வாசலிலேயே நிற்பதைக் கண்டு, இது புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, உள்ளங்கையில் கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தது. அவர் 'உண்டு' என்று எழுதினார்.

பிரிவுத் தலைவர் படிவத்தை வரி வரியாகப் படித்தார். "நீங்க கதவைத் தட்டினப்போ சம்பந்தப்பட்டவர் உள்ள இருந்தாரா?"

"இல்லைங்க. நான் வெளியதானே நின்னேன்."

"அப்ப வீட்டுல இல்லைன்னுல்ல ஆகுது?"

பிரிவுத் தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கடைசியில், 'சம்பந்தப்பட்டவர் சார்பாக அவர் மனைவி வீட்டில் இருந்தார்' என்று எழுதச் சொல்லி, முத்திரை குத்தி, ஆய்வாளர் சார்பாகக் கண்ணாடிக்காரரையே கோடு இழுக்க வைத்தார். அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் இயக்குநர் அறைக்குப் போக மாடி ஏறினார். இரண்டாவது மாடியில் ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. பயிற்சிக்கூடம். முப்பது பேர் இருந்தால்தான் பயிற்சி நடந்ததாகக் கணக்காம். இருபத்தொன்பது பேர் இருந்தார்கள்.

"வராதவர் சார்பா உக்காருங்க. ஒரு மணி நேரம்தான்," என்றார் பயிற்சியாளர்.

"எனக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள..."

"இயக்குநரும் இது முடிஞ்சப்புறம்தான் சீட்டுக்கு வருவார். அவர் சார்பாதான் நான் இதை நடத்தறேன்."

உட்கார்ந்தார். வேறொருவர் பெயருக்கு நேரே வருகை போட்டார். அவருக்கான டீயைக் குடித்தார், அவருடைய இரண்டு பிஸ்கட்டையும் தின்றார். பயிற்சியாளர் மேடையில் நின்று கண் கலங்கப் பேசினார். "மனுஷனோட கை எப்ப நடுங்குது? சொந்தப் பேரை எழுதறப்போ! அடுத்தவன் பேரை எழுதிப் பாருங்க, எவ்வளவு லேசா போகுது! ஒரு பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கறதுல இருக்கற நிம்மதி இருக்கே, அதுதான் நிர்வாகம்!" கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் என்றது நாலு மணி நேரமாக நீண்டது. முடிவில், பங்கேற்றவர்கள் சார்பாக நன்றி சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். இருபத்தொன்பது தலைகள் குனிந்தன. கண்ணாடிக்காரர் எழுந்து, "எல்லாருக்கும் நன்றிங்க, தயவு பண்ணி என்னைய விட்டுடுங்க," என்றார். பயிற்சி வரலாற்றிலேயே மிகச் சுருக்கமான நன்றியுரை என்று பாராட்டி, வராதவர் பெயரில் ஒரு தேர்ச்சிச் சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

மணி இரண்டு. மூன்றாவது மாடி.

இயக்குநரின் மேசை ஒரு கட்டில் அகலம் இருந்தது. அதன்மேல் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. எல்லாமே முத்திரை குத்தி, கோடு இழுத்து, தயாராக இருந்தவை.

"உங்களோடதும் இதுல இருக்கு," என்றார் இயக்குநர். "எழுநூறு சான்று நிக்குது. ஒரே ஒரு காகிதம் இல்லாம."

"என்ன காகிதம்ங்க?"

"பாருங்க, நான் ஆணையர் சார்பா போடறேன். ஆணையர் அமைச்சகம் சார்பா. அமைச்சகம் அரசாங்கம் சார்பா. அரசாங்கம் பொதுமக்கள் சார்பா. இது வரைக்கும் பிரச்சினை இல்ல. இந்த மாசம் தணிக்கைக்கு வந்தவன் கேக்கறான், பொதுமக்கள் உங்களுக்கு எழுத்துல ஏதாவது கொடுத்திருக்காங்களான்னு. எழுபது வருஷ ஃபைலைப் புரட்டிட்டோம். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "மனம்விட்டுச் சொல்றேன், எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்ல. இத்தனை நாள் அதை யாரும் கேக்கலை, அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் வேணா எழுதித் தரட்டுங்களா?"

"நீங்க யாரு?"

"கீழ வரிசைல நின்னவன்."

இயக்குநர் மெல்ல எழுந்து நின்றார். "பொதுமக்களா? நேர்லயேவா?"

மணியடித்துப் பிரிவுத் தலைவரை வரவழைத்தார். பயிற்சியாளரும் வந்தார். கீழேயிருந்து ஜன்னல் பெண்மணிகூட வந்துவிட்டார். ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்கள். கண்ணாடிக்காரர் எழுதினார்: 'இந்த அலுவலகம் என் சார்பாக என் மகளுக்குச் சான்று கொடுக்கலாம்.' கீழே தன் பெயரை, முழுசாக, படிக்கிற மாதிரி எழுதினார்.

ஜன்னல் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுல யார் சார்பான்னு இல்லையே?" என்றார் இயக்குநர்.

"என் பேர்லதாங்க போட்டிருக்கேன்."

"நாளைக்கு ஏதாவது தப்புன்னா யாரைக் கேக்கறது?"

"என்னைத்தான்."

"குழந்தை குட்டி இருக்கற மனுஷர்," என்று பிரிவுத் தலைவர் உண்மையான கவலையோடு முணுமுணுத்தார்.

இப்படி ஒரு கையெழுத்தை ஏற்றுக்கொள்ளப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அதனால் அதன்மேலும் 'சார்பாக' முத்திரை விழ வேண்டும், முத்திரை வைக்கப் பயிற்சி பெற்றவருக்குத்தான் அனுமதி. மணி மூன்று நாற்பது. கண்ணாடிக்காரர் தேர்ச்சிச் சான்றிதழை எடுத்து மேசைமேல் அடித்து வைத்தார்.

"இது வேற யார் பேர்லயோ இருக்கே?"

"அவர் சார்பா உக்காந்தது நான்தாங்க. டீகூடக் குடிச்சேன்."

"அப்பச் சரி," என்றார் இயக்குநர், நிம்மதிப் பெருமூச்சோடு. முத்திரையைக் கண்ணாடிக்காரர் கையிலேயே கொடுத்தார்கள். தன்னுடைய சார்பாகத் தானே என்று குத்திக் கோடு இழுத்தார். அதை வைத்து இயக்குநர் கோடு இழுத்தார். பதினொரு பேரின் சார்பாக, யாருமே கொடுக்காத அந்தச் சான்று நாலு இருபதுக்குக் கைக்கு வந்தது. அவர் எங்கே வசிக்கிறார் என்பதை அவர் சொல்லி, அவர் பார்த்து, அவரே அனுமதித்து, மூன்று நாளில் அரசாங்கம் அவருக்கே தெரிவித்திருந்தது.

ஓடினார். மனைவியும் மகளும் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஐந்து அடிக்க ஏழு நிமிடம் இருந்தது.

சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருந்த தலைமையாசிரியை சான்றை வாங்கினார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கீழ் இழுப்பறையைத் திறந்து, ஏற்கனவே கிடந்த நூற்றுக்கணக்கான சான்றுகளோடு போட்டு மூடினார்.

"படிக்கலையேம்மா?" என்றார் கண்ணாடிக்காரர். குரல் உடைந்துவிட்டது.

"இது எங்களுக்குத் தேவையில்லைங்க. வாங்கி வைக்கச் சொல்லி அந்த ஆபீஸ்லேருந்துதான் உத்தரவு. அவங்க சார்பா வாங்கி வைக்கிறோம்."

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. தலைமையாசிரியை சேர்க்கைப் படிவத்தை நகர்த்திக் கடைசி வரியைக் காட்டினார். மாணவர் கையெழுத்து. வழக்கம்போல அம்மாவின் கை பேனாவுக்குப் போயிற்று.

"நீங்க வேண்டாம்மா. அவ போடட்டும்."

"அவளுக்கு எழுத்து சரியா வராதுங்க. நான் அவளுக்காக..."

"வர்ற மாதிரி எழுதட்டும்."

குழந்தை முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அப்புறம் அப்பாவின் முகத்தை. பிறகு நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி, பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தது. ஐந்து எழுத்து. மூன்றாவது எழுத்தின் சுழி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. திருத்தப் போன மனைவியின் கையைக் கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டார். மூன்று நாளில் தன்னுடையதைத் தவிர அவர் பார்த்த ஒரே கையெழுத்து அதுதான். அவருக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

நாலு மாதம் கழித்து, பள்ளிக்கூடப் படிவங்களைச் சரிபார்த்த சான்று அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'சேர்க்கைப் படிவத்தில் மாணவர் கையெழுத்து என்னும் இடத்தில் யார் சார்பாகக் கையெழுத்திடப்பட்டது என்ற விவரம் காணப்படவில்லை. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' கீழே ஊதா முத்திரை, புழு நெளிந்த கோடு.

மனைவி பதில் எழுத உட்கார்ந்தாள். மகள் அவள் தோளுக்கு மேலாகக் கடிதத்தைப் படித்தாள். இப்போதெல்லாம் படிக்கிறாள். அம்மாவின் கையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, கடிதத்தின் அடியிலேயே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'நான்தான் போட்டேன்.' அதற்குக் கீழே தன் பெயர். மூன்றாவது எழுத்தின் சுழி இந்தத் தடவை சரியாக இருந்தது. அதையே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அலுவலகத்திலிருந்து கண்ணாடிக்காரருக்கு ஆள் வந்தது. சட்டங்களுக்குக் கண்ணாடி போட வேண்டுமாம். போனார். பழைய உத்தரவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சட்டம் மாட்டியிருந்தார்கள். உள்ளே மகள் எழுதிய காகிதம்.

"புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு எச்சரிக்கையா இருக்கட்டும்னு," என்று பிரிவுத் தலைவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். "அந்தக் காலத்து ஆளு ஒருத்தரைப் பார்த்தாச்சு. இந்தக் காலத்துலயும் இப்படி நடக்குதுன்னு தெரியணும்ல?"

கண்ணாடிக்காரர் கடையில் இருந்ததிலேயே நல்ல கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். நாலு மில்லிமீட்டர். பொருத்தி, ஓரம் பார்த்து, தன் விரல் ரேகைகூட இல்லாமல் துடைத்தார். மூன்றாம் எண் ஜன்னல் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு எழுதினது இது?" என்று முன்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"என் பொண்ணு," என்றார்.

பிரிவுத் தலைவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "மெதுவாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குது."

கண்ணாடிக்காரர் திரும்பி வரிசையைப் பார்த்தார். வாசலைத் தாண்டி வெளியே வெயில் வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி, தன் பெயரைச் சொல்லி, மகள் பெயரையும் சொல்லி, இன்னொரு முறை சொன்னார்.